நாற்காலி வேறு, சாவிக்கொத்து வேறு

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தம்பி அவர்களே! பாடியில் வாழும் பெரியோர்களே, தாய்மார்களே!

ஊர்ப் பேரு பாடி. ஆனா எங்களைப் பேசக் கூப்பிட்டிருக்கீங்க. (சிரிப்பு) பாட வேண்டியவர் எப்பவோ வந்து பாடிட்டுப் போயிட்டார். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற திருவலிதாயம் இதோ பக்கத்திலேதான் இருக்கு. அவர் பாடின மண்ணிலே எங்களுக்கு ஆளுக்குப் பத்து நிமிஷம். அதுக்கும் நடுவர் கையிலே மணி!

இன்றைய தலைப்பு என்ன? வென்று பதவிக்கு வந்த தலைவர், தன்னை எதிர்த்து நின்றவரையே அமைச்சராக்குவது பெருந்தன்மையா, அரசியல் கணக்கா? நான் பெருந்தன்மை அணி. தம்பி கணக்கு அணி. தம்பி என்ன சொன்னார்? "எதிரியை வாசலுக்கு வெளியே நிறுத்தினா கல்லெறிவான். உள்ளே கூப்பிட்டு இலை போட்டா வாயிலே அல்வா இருக்கும், பேச மாட்டான். காமராசர் 1954-லே செஞ்சது அதுதான்" என்றார். நீங்களும் கை தட்டினீங்க. அல்வான்னா கை தட்டத்தான் செய்வீங்க. (சிரிப்பு)

தம்பி காமராசரைத் தொட்டதிலே எனக்கு மகிழ்ச்சி. நான் பேச வந்ததும் அவரைப் பற்றித்தான். ஆனால் தம்பி 1954-லே தொடங்கினார். கதை அங்கே தொடங்கவில்லை.

1940. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தல். ஒரு பக்கம் சத்தியமூர்த்தியின் சீடர் காமராசர். மறுபக்கம் ராஜாஜியின் ஆதரவோடு கோவை சி.பி. சுப்பையா. காமராசருக்கு 103 வாக்கு. சுப்பையாவுக்கு 100. மூன்றே மூன்று வாக்கு! பகை அந்த மூன்று வாக்கிலே உட்கார்ந்துகொண்டது. 1942-லே 'வெள்ளையனே வெளியேறு' வந்தது. காமராசர் சிறைக்குப் போனார், 1945 வரைக்கும் உள்ளேயே இருந்தார். ராஜாஜியோ அந்தப் போராட்டத்தை ஏற்காமல் காங்கிரசை விட்டே விலகி நின்றார். சிறையிலே இருந்தவர் வெளியே வந்தார், வெளியே இருந்தவர் கட்சிக்குள்ளே வந்தார். ஒத்துப்போகுமா? 1946-லே காந்தியடிகள் சென்னைக்கு வந்துவிட்டுப் போய், ராஜாஜிக்கு எதிராக இங்கே ஒரு சிறு கும்பல் இருப்பதாக 'ஹரிஜன்' இதழிலே எழுதினார். அந்தச் சொல் காமராசரை எப்படித் தைத்திருக்கும்! தேர்தல் வேலைகளைக் கவனித்த குழுவிலிருந்தே அவர் விலகினார்.

அப்புறம் 1952. முதல் பொதுத்தேர்தல். சென்னை மாகாணத்துச் சட்டசபையிலே 375 இடம். காங்கிரசுக்கு 152. பெரும்பான்மை கிடையாது. ராஜாஜியைக் கூப்பிட்டு முதல்வராக்கினார்கள். அடுத்த ஆண்டு அவர் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைக்குப் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பனோட தொழில். நாடு கொதித்தது. குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954 மார்ச்சிலே ராஜாஜி விலகினார்.

இப்போ சட்டசபைக் கட்சிக்குத் தலைவர் வேணும். காமராசர் நின்றார். எதிர்த்து யார்? ராஜாஜி அமைச்சரவையின் நிதியமைச்சர், பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். வயது 44. வழக்கறிஞர். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். இவர் யாரோ எவரோ இல்லைங்க, உங்க பக்கத்து ஊர்க்காரர். பூந்தமல்லியைத் தாண்டினா நசரேத்பேட்டை வருதே, அங்கே பிறந்தவர். வாக்கு எண்ணினார்கள். காமராசர் 93. சுப்பிரமணியம் 41.

அதுக்கு அப்புறம் நடந்ததைப் பாருங்க. 1954 ஏப்ரல் 13-ஆம் தேதி காமராசர் அமைச்சரவை பதவியேற்றது. அவரையும் சேர்த்து மொத்தம் 8 பேர். அதிலே எதிர்த்து நின்ற சுப்பிரமணியம் ஒருத்தர். அவரை முன்மொழிந்த பக்தவத்சலம் ஒருத்தர். அதோடு விட்டாரா? 1952 தேர்தலிலே காங்கிரசை எதிர்த்து 19 இடம் ஜெயித்த உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சியார் ஒருத்தர். அதே தேர்தலிலே எதிர்த்து நின்று 6 இடம் பிடித்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் ஒருத்தர். மாணிக்கவேலரை ராஜாஜியே முன்பு அமைச்சராக்கியிருந்தார், காமராசர் தொடர்ந்து வைத்துக்கொண்டார். ஆக முதல்வரைத் தவிர ஏழு பேர். அதிலே நாலு பேர் எதிர்வரிசையிலிருந்து வந்தவர்கள்! கோயில் இலாகாவை ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பரமேசுவரனிடம் கொடுத்தார். அது தனியாக இன்னொரு பட்டிமன்றம் போட வேண்டிய விஷயம், நான் தொடலை.

தன்னை ஆதரித்த 93 பேர் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பாங்க? "ஓட்டுப் போட்டவன் நான். மாலை அவனுக்கு!" வீட்டம்மா சும்மா இருந்திருப்பாங்களா? (சிரிப்பு)

தம்பி எழுந்து நிற்கப் பார்க்கிறார். "கணக்குத்தானே அம்மா! 134 வாக்கிலே 41 போனா கிட்டத்தட்ட மூணிலே ஒரு பங்கு. அந்த 41 பேரும் முறைச்சுக்கிட்டா ஆட்சி எப்படி நிற்கும்?" தம்பி, ஒத்துக்கொள்கிறேன். கணக்கு இருந்தது. காமராசருக்குக் கணக்குத் தெரியாது என்று சொன்னால் அவர் ஆவியே வந்து என்னைக் கேட்கும். ஆனால் கணக்கு எதைக் கொடுக்கச் சொல்லும்? ஒரு நாற்காலியைக் கொடுக்கச் சொல்லும். காமராசர் கொடுத்தது நாற்காலி இல்லை. சாவிக்கொத்து.

இதைத் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். நானும் மருமகளாகப் போனவதான். முதல் நாள் எல்லா வீட்டிலேயும் மருமகளுக்கு நாற்காலி கிடைக்கும். "உட்காரும்மா, வேலை செய்யாதே." எவ்வளவு மரியாதை! ஆறு மாசம் கழிச்சுத்தான் புரியும், பீரோ சாவி மாமியார் இடுப்பிலே இருக்குன்னு. (சிரிப்பு, கைதட்டல்) அல்வா கொடுக்கிற அரசியலும் அப்படித்தான். காரு உண்டு, பங்களா உண்டு, கொடி உண்டு. கோப்பு மட்டும் மேசைக்கு வராது. எதிரியை அமைச்சராக்கினாரா என்று கேட்டால் போதாது. எந்த இலாகாவைக் கொடுத்தார் என்று கேட்க வேண்டும்.

சுப்பிரமணியத்துக்கு என்ன கொடுத்தார்? நிதி. அதோடு கல்வி. நினைத்துப் பாருங்கள். ஆட்சியே எதனால் கவிழ்ந்தது? கல்வியினாலே. ராஜாஜியின் பெயர் எதனால் கெட்டது? கல்வியினாலே. அந்தக் கல்வியைத் தூக்கி ராஜாஜியின் ஆளிடமே கொடுத்தார் காமராசர். 1954 மே மாதம் சட்டசபையிலே எழுந்து அந்த அரைநாள் திட்டத்தைக் கைவிடுகிறோம் என்று அறிவித்தவர் யார் தெரியுமா? கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம்! ராஜாஜி அமைச்சரவையிலே உட்கார்ந்திருந்த அதே சுப்பிரமணியம்.

இதிலேயும் தந்திரம் இருக்கு, பழைய முதலாளியின் திட்டத்தைப் பழைய ஆள் கையாலேயே மூட வைத்தார் என்று தம்பி சொல்லலாம். சொல்லட்டும். அந்த ஒரு நாளோடு அவரைக் கழற்றிவிட்டிருந்தால் நானே தம்பி அணிக்குப் போயிருப்பேன். ஆனால் 1962 வரைக்கும், அவர் டெல்லிக்குப் போகிற வரைக்கும், நிதியும் கல்வியும் அவரிடம்தான். பள்ளிகளிலே மதிய உணவு 1956-லே தொடங்கியது. சோறு போட வேண்டும் என்கிற மனசு காமராசருடையது. அதிகாரியாக ஓடி ஓடி உழைத்தவர் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. ஆனால் பணத்துக்கும் கல்விக்கும் ஒரே அமைச்சர் இருந்தாரே, அது எவ்வளவு பெரிய வசதி! கல்வியமைச்சர் பணம் கேட்டு நிதியமைச்சரிடம் மனு போட வேண்டாம். கண்ணாடியைப் பார்த்துக் கேட்டால் போதும். (சிரிப்பு) ஆறாம் வகுப்போடு படிப்பு நின்ற ஒருவர், படிக்காத பிள்ளைகளைப் படிக்க வைக்கிற பொறுப்பைத் தன்னிடம் தோற்ற ஒருவரிடம் எட்டு வருஷம் நம்பிக் கொடுத்து வைத்தார்.

இந்த இடத்திலே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெருமைப்படுகிற கதை இல்லை. ஒரு கல்லூரியிலே நான் துறைத் தலைவரானபோது, அந்த இடத்துக்கு என்னோடு போட்டியிட்ட ஒரு பேராசிரியர் அம்மா இருந்தாங்க. மேலிடம் வரைக்கும் மனுப் போட்டாங்க. கடைசியில் பதவி எனக்கு வந்தது. நான் பெருந்தன்மையானவள் இல்லையா? அவங்களுக்கு நல்ல அறை கொடுத்தேன். புது நாற்காலி வாங்கிப் போட்டேன். தமிழ் மன்ற விழாவிலே வரவேற்புரை அவங்களுக்குத்தான். எல்லாரும் என்னைப் பாராட்டினாங்க. ஆனால் பாடத்திட்டக் குழுவிலே அவங்க இல்லை. அவங்க உயிராக நினைத்த கல்வெட்டுத் தாளை அவங்களிடமிருந்து எடுத்து நானே நடத்தினேன். எனக்குக் கல்வெட்டு வருமா? குறிப்பைப் பார்த்து நடத்தினேன். ஒரு நாள் ஒரு மாணவி வட்டெழுத்து மைப்படி ஒன்றைக் கொண்டுவந்து, "இந்த எழுத்து என்ன மேடம்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. "அடுத்த ரூம் மேடமைக் கேட்டுட்டு வரட்டுமா?" என்றாள். பிள்ளை வெகுளியாகத்தான் கேட்டது. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலை. ஒரு வருஷம் அந்தப் பிள்ளைகளுக்குக் கல்வெட்டுச் சரியாக வரலை. நஷ்டம் எனக்கா, அந்த அம்மாவுக்கா? இரண்டு பேருக்கும் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்த ஆண்டு அந்தத் தாளை அவங்களிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஏன் லேட்டு?" என்று மட்டும் கேட்டாங்க.

நடுவர் அய்யா கம்பரிலே தோய்ந்தவர். வீடணனை நினைத்திருப்பார். சுக்கிரீவன் வேண்டாம் என்றான், அனுமன் சேர்த்துக்கொள்ளலாம் என்றான், இராமன் ஏற்றுக்கொண்டான். ஆனால் அய்யா, வீடணன் தானாகத் தேடி வந்தவன். அடைக்கலம் என்று கை கூப்பி நின்றவனை ஏற்பது உயர்வுதான், இல்லை என்று சொல்லலை. தோற்றுவிட்டு யாரிடமும் போய் நிற்காதவரைக் கூப்பிட்டுச் சேர்க்கிறது அதைவிடக் கஷ்டம். வள்ளுவரும் ஆளைத் தேர்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரம், தேர்ந்தவரை வேலையிலே ஈடுபடுத்துவதற்குத் தெரிந்துவினையாடல் என்று இன்னோர் அதிகாரம் வைத்தார். நான் என் துறையிலே முதல் அதிகாரத்தோடு நிறுத்திக்கொண்டவள்.

உலகத்திலேயும் இது உண்டு. அமெரிக்காவிலே 1860-லே தன் கட்சிக்குள் வேட்பாளர் ஆவதற்குத் தன்னோடு போட்டியிட்ட சீவர்டு, சேஸ், பேட்ஸ் மூன்று பேரையும் ஆபிரகாம் லிங்கன் அமைச்சராக்கினார். வெளியுறவு ஒருவருக்கு, கருவூலம் ஒருவருக்கு, சட்டம் ஒருவருக்கு. ஸ்டான்டன் என்று ஒரு வக்கீல், 1855-லே ஒரு வழக்கிலே லிங்கனைக் கிராமத்தான் என்று ஒதுக்கி அவமானப்படுத்தியவர். உள்நாட்டுப் போர் நடக்கும்போது, 1862-லே, அவரிடமே போர் இலாகாவைக் கொடுத்தார் லிங்கன். 2008-லே ஒபாமா ஜெயித்ததும் ஹிலாரி கிளிண்டனை வெளியுறவு அமைச்சராக்கினபோது எல்லாரும் லிங்கனைத்தான் நினைத்தார்கள். நம்ம ஊரிலே யாருக்காவது காமராசர் ஞாபகம் வந்ததா?

நம் நாட்டிலேயே 1947 இருக்கிறது. காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டு 1945-லே ஒரு நூலே எழுதியவர் அம்பேத்கர். இரண்டே ஆண்டிலே நேரு அமைச்சரவையில் சட்ட அமைச்சர். நீதிக்கட்சிக்காரரான கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார் நிதியமைச்சர். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-ஆம் தேதி படித்தவர் அவர். சிலப்பதிகாரத்துப் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவரும் அவரேதான்! தமிழ் வாத்தியார் நான், இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. "நிலைச்சாங்களா?" என்கிறார் தம்பி. நிலைக்கலை. செட்டியார் 1948-லே போனார். அம்பேத்கர் 1951-லே இந்துச் சட்டத் தொகுப்பு தடைப்பட்டபோது போனார். ஆனால் போகிறதுக்கு முன்னாலே அரசியல் சட்டத்தை எழுதி வைத்துவிட்டுப் போனார் தம்பி! (கைதட்டல்)

நம்ம பூந்தமல்லிக்காரருக்கு வருகிறேன். பக்தவத்சலத்துக்கு முதலில் விவசாயம், தொழில் எல்லாம் கொடுத்தார் காமராசர். 1957-லே என்ன கொடுத்தார்? உள்துறை. போலீஸ்! எதிர்த்து ஆள் நிறுத்தியவர் கையிலே போலீசைக் கொடுக்கிற தலைவர் எத்தனை பேர் இருக்காங்க? வீட்டிலே மச்சானோடு சண்டை போட்டா, ஸ்கூட்டர் சாவியையே ஒளிச்சு வைக்கிறோம். (சிரிப்பு)

அதே 1957-லே ராஜாஜி காங்கிரசை விட்டு வெளியேறினார். 1959-லே சுதந்திராக் கட்சி கண்டார். சுப்பிரமணியம் அவரோடு போனாரா? பக்தவத்சலம் போனாரா? போகலை. நாற்காலிக்காக நின்றார்கள் என்பார் தம்பி. நாற்காலியை அங்கேயும் வாங்கியிருக்கலாம். இங்கே கையிலே வேலை இருந்தது. 1955 ஜனவரியிலே இதோ இந்த ஆவடியிலே காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. கிண்டித் தொழிற்பேட்டை 1958-லே வந்தது. இந்தப் பாடிச் சாலையிலே சங்கு ஊதுகிற தொழிற்சாலைகள் 1960-களின் தொடக்கத்திலே வரிசையாக எழுந்தன. இந்தக் கூட்டத்திலே எத்தனை குடும்பத்துக்கு அந்தச் சங்குதான் சோறு போட்டது என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

1963 அக்டோபர் 2. காமராசர் தானாகப் பதவியை விட்டு இறங்கினார், கட்சி வேலைக்குப் போக. அவருக்கு அடுத்து முதல்வர் நாற்காலியிலே உட்கார்ந்தவர் யார்? 1954-லே அவருக்கு எதிராக இன்னொரு பெயரை முன்மொழிந்த அதே பக்தவத்சலம்.

இங்கே தம்பி என்னை மடக்கலாம். அவர் மடக்குவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது. முதல்வர் பக்தவத்சலம் இறுக்கமாக நின்றார். டெல்லியிலே மத்திய அமைச்சராக இருந்த சுப்பிரமணியமோ, ஓ.வி. அளகேசனோடு சேர்ந்து பிப்ரவரியிலே ராஜினாமாவே கொடுத்தார். அப்புறம் அது திரும்பப் பெறப்பட்டது, அது வேறு. ஆனால் பாருங்கள், 1954-லே ஒரே பக்கம் நின்ற இரண்டு பேர், முன்மொழிந்தவரும் நின்றவரும், இப்போது எதிரெதிர்ப் பக்கம். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராக நடுவிலே காமராசர். 1967-லே மூன்று பேருக்குமான கட்சி தமிழ்நாட்டிலே ஆட்சியை இழந்தது. பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரிலே தோற்றார். காமராசரே விருதுநகரிலே தோற்றார். 1969-லே கட்சி பிளந்தபோது சுப்பிரமணியம் இந்திரா பக்கம் போய்விட்டார். பக்தவத்சலம் காமராசரோடு இருந்தார்.

"பார்த்தீங்களா, கடைசியிலே ஒருத்தர் போயிட்டார்! சாவி கொடுத்து என்ன பிரயோசனம்?" என்று தம்பி கேட்பார். தம்பி, கணக்கு என்றால்தான் கடைசியிலே கூட்டிப் பார்த்து லாபமா நஷ்டமா என்று கேட்கணும். காமராசர் 1954-லே 1969-ஐ எதிர்பார்த்துக் கொடுக்கலை. பதினைந்து வருஷம் கழித்து இவர் என்கூட இருப்பாரா என்று பார்த்துத்தான் சாவி கொடுப்பேன் என்றால், பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் சாவி கொடுக்க முடியாது.

(மணி ஒலிக்கிறது)

அய்யா, ஒரே ஒரு நிமிஷம். கிண்டியிலே காந்தி மண்டபம் இருக்கிறது. காமராசர் ஆட்சியிலே, 1956 ஜனவரியிலே, அதைத் திறந்து வைத்தவர் ராஜாஜி. கூப்பிட்டவர் யார், வந்தவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். பாடியிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போங்கள். அதே வளாகத்துக்குள்ளே ராஜாஜிக்கு நினைவிடம் இருக்கிறது. காமராசருக்கு இருக்கிறது. பக்தவத்சலத்துக்கும் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பிள்ளைகள் ஓடியே போய்விடுவார்கள்.

தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே. (கைதட்டல்)